போலீசுக்குப் போனால் பிள்ளையின் பெயர் வெளியே வருமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். முகத்தை மட்டும் வெட்டி ஆபாசப் படத்தில் ஒட்டி, யாரோ அவளுக்கே அனுப்பி 5,000 ரூபாய் கேட்கிறான். கொடுக்காவிட்டால் கிளாஸ் குரூப்பில் போடுவேன் என்கிறான். பயத்தில் சாட்டை எல்லாம் அழித்துவிட்டோம். போலீசுக்குப் போனால் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்கிறார் அவள் அப்பா. அது நிஜப் படமே இல்லையே, கேஸ் நிற்குமா? சின்னப் பிள்ளைக்குக் கணக்கு கொடுத்த கம்பெனியை யாரும் கேட்க மாட்டார்களா?"

பதில்:

சரி அம்மா. பெயர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இந்த மாதிரி வழக்கோடு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்பது அதைத்தான். ஃபீஸ் எவ்வளவு என்பதுகூட அப்புறம்தான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காப்பதற்காக 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, எந்தப் பகுதி என்று அடையாளம் தெரிகிற எதையும் பத்திரிகையோ டிவியோ வேறு எந்த ஊடகமோ வெளியிடக் கூடாது. வெளியிட்டால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எஃப்ஐஆர் போட்டால் இணையத்தில் ஏற்றிவிடுவார்களே என்று சிலர் கேட்கிறார்கள். எஃப்ஐஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் போட வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பிலேயே பாலியல் குற்றங்களுக்கும் போக்சோ வழக்குகளுக்கும் விலக்கு கொடுத்துவிட்டது. 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னது: இந்த எஃப்ஐஆர் எதுவும் பொதுவெளிக்கு வரவே கூடாது. விசாரணையும் மூடிய அறையில்தான். தீர்ப்பில்கூடப் பிள்ளையின் பெயர் இருக்காது.

ஸ்டேஷன் வாசலில் பிள்ளையைக் காக்கவைப்பார்கள் என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். அதற்கு அதே போக்சோவின் 24-வது பிரிவு. உங்கள் வீட்டிலோ, மகள் சொல்கிற வேறு இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை எஸ்ஐ பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வர வேண்டும். அவள் பேசும்போது நீங்களோ, அவள் நம்புகிற வேறு யாரோ பக்கத்தில் இருக்கலாம். இரவில் எக்காரணம் கொண்டும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்காத இடத்தில், "மேடம், 24-வது பிரிவு" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பேச்சின் தொனி மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

பெயர் வெளியே போவது பெரும்பாலும் எங்கிருந்து தெரியுமா? சொந்தபந்தத்திடம் இருந்து.

ஒரு அப்பா என்னிடம் வந்தார். உங்கள் மகளுக்கு நடந்த மாதிரியேதான். படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது நிஜமா, ஒட்டு வேலையா, பார்த்துச் சொல்லுப்பா" என்று கேட்டிருக்கிறார். மைத்துனர் தனக்குத் தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு அனுப்பினார். அவர், சைபர் கிரைமில் ஆள் தெரியும் என்று இன்னொருவருக்கு அனுப்பினார். என் மேஜை மேல் அந்த போனை வைத்தபோது படம் நாலு போனில் இருந்தது. மைத்துனர் போனில் வருகிற படமெல்லாம் தானாகவே கேலரியில் விழுகிற செட்டிங். அவருடைய பையன் கேம் விளையாட போனை எடுத்தவன் பார்த்துவிட்டான். அந்தப் பையனும் அதே பள்ளி. மிரட்டியவன் யாருக்கும் அனுப்பவே இல்லை. வீட்டாரே அனுப்பி முடித்துவிட்டார்கள்.

இதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. போக்சோவின் 15-வது பிரிவுப்படி இப்படிப்பட்ட படத்தை அடுத்தவருக்கு அனுப்பினாலே மூன்று வருடம் வரை சிறை உண்டு. முறைப்படி புகார் கொடுப்பதற்கும், கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டுவதற்கும் மட்டும் விலக்கு. மைத்துனர் இந்த இரண்டிலும் வரமாட்டார்.

அம்பத்தூர் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு இளைஞரின் போனில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாச வீடியோக்கள் இருந்தன. யாருக்கும் அனுப்பவில்லை, தனியாகப் பார்த்தது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, வழக்கை மறுபடி நடத்தச் சொன்னது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தால், அந்தச் சூழ்நிலையைக் கொண்டே பகிரும் எண்ணம் இருந்ததா என்று பார்க்கலாம் என்றது. இன்னொன்றும் சொன்னது. இதை ஆபாசப் படம் என்கிற மாதிரி வார்த்தையால் கூப்பிடாதீர்கள், குழந்தையின் மேல் நடந்த கொடுமையின் பதிவு அது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அடுத்தது, நிஜப் படமே இல்லையே, கேஸ் நிற்குமா என்பது. நிற்கும். 2019-ல் போக்சோவில் திருத்தம் கொண்டு வந்தபோது விளக்கத்தையே விரித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் உருவாக்கியது, மாற்றியது, ஒட்டியது, பார்த்தால் குழந்தை மாதிரித் தெரிவது எல்லாம் அதில் அடங்கும். இன்று ஏஐ ஆப்பில் செய்கிற வேலைக்கும் அது பொருந்தும். உங்கள் விஷயத்தில் படம் வெளியே வர வேண்டிய அவசியம்கூட இல்லை. நிஜமோ போலியோ, அப்படி ஒரு படத்தைக் காட்டிக் குழந்தையை மிரட்டினாலே 11-வது பிரிவில் பாலியல் துன்புறுத்தல், மூன்று வருடம் வரை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு தனி. அதில் முதல் முறைக்கே ஐந்து வருடம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். பணம் கேட்டதற்கு மிரட்டிப் பறித்தல் வேறு சேரும். உங்கள் மகள் போட்டது காதுகுத்துப் படம். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை அவளிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். போக்சோவின் 19-வது பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் மறைத்தால் அதுவே குற்றம், ஆறு மாதம் வரை. தாயைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவள் அப்பாவிடம் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன்.

சாட்டை அழித்துவிட்டோம் என்றீர்கள். போனால் போகட்டும், எல்லாம் முடிந்துவிடவில்லை. இனி வருவதை அழிக்காதீர்கள். அவன் மிரட்டி எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நேரம் தெரிகிற மாதிரி. மேலே பெரிதாகத் தெரிகிற பெயர் போதாது, அதை நிமிடத்தில் மாற்றிவிடுவான். புரொஃபைலுக்குள் போய் யூசர்நேமையும் லிங்க்கையும் எடுத்து வையுங்கள். பணம் அனுப்பச் சொல்லி யுபிஐ ஐடியோ க்யூஆர் கோடோ கொடுத்திருந்தால் அது தங்கம், ஏனென்றால் அதன் பின்னால் ஒரு வங்கிக் கணக்கு இருக்கும். படத்தை மட்டும் எங்கேயும் நகல் எடுக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், போனோடு போலீசிடம் காட்டுங்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டால் ரசீது கேளுங்கள். திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவன் கணக்கையே மூடிவிட்டு ஓடினாலும், பதிவு செய்தபோது கொடுத்த விவரங்களை நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021-ல் வந்த விதிகள் சொல்கின்றன. போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் யோசித்துவிட்டுப் போனால் அதுவும் இருக்காது.

எங்கே போவது? பக்கத்தில் உள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் பதியலாம் என்பது இப்போது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இன்றைக்கே போக மனம் வரவில்லை என்றால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உங்கள் மகளே கூப்பிட்டுப் பேசலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. இன்னும் போகவில்லை என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 5,000 கொடுத்தவரிடம் அடுத்த வாரம் 20,000 கேட்பான்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிற 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை, போனை விட்டு அது வெளியே போகாது. கைரேகை மாதிரி ஓர் எண் குறியீடு மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போல இதில் சேர்ந்திருக்கிற தளங்களில் அதே படம் ஏறினால் பிடித்து நீக்க அந்தக் குறியீடு உதவும். வாட்ஸ்அப் போலப் பூட்டிய உரையாடலுக்குள் இது எட்டாது. அதுதான் குறை.

ஒரு விஷயத்துக்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் குரூப்பில் போடுவேன் என்கிறான் பாருங்கள், கிளாஸ் குரூப் ஒன்று இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? சும்மா அடித்துவிட்டிருக்கலாம். ஆனால் கூடப் படிக்கிற பையனாகவும் இருக்கலாம், நான் அப்படியும் பார்த்திருக்கிறேன். 18 வயதுக்குக் கீழே என்றால் அவன் போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. அவன் பெயரையும் வெளியிடக் கூடாது, 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு இரண்டு பிள்ளைகளுக்கும் பொது. பள்ளி வாசலில் போய் அவனை அடிப்பதும், அவன் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதும் வேண்டாம். அவள் அப்பாவுக்கு இதைக் கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும்.

கடைசியாகக் கம்பெனி. 13 வயது என்கிற கணக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் 1998-ல் போட்ட ஒரு சட்டம், 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலை எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. நிறுவனங்கள் அந்த எண்ணையே உலகம் முழுக்க வைத்துக்கொண்டன. நம்முடைய 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வரை குழந்தைதான். பெற்றோரின் சரிபார்த்த சம்மதம் வேண்டும், குழந்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதிகள் வந்ததே 2025 நவம்பரில். முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே கணக்கே கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டுவிட்டது. அது சரிப்படுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அப்பா போனில் பொய்யான பிறந்த தேதி போட்டு உள்ளே போகிற பிள்ளைகளைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

நம் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. தனிப்பட்ட காரியத்துக்காக, வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் தகவலைக் கையாண்டால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. அதாவது, விசேஷத்துக்கு வந்த அத்தை உங்கள் மகளின் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டால் இந்தச் சட்டத்தில் வழி இல்லை. பிரான்சில் 2024 பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டார்கள், பிள்ளையின் படத்தைக் காப்பது பெற்றோரின் கடமை என்று. அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போகாவிட்டால் நீதிபதி தடுக்கலாம். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அதற்கு முன் சென்னையில் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்சய் கிஷன் கௌல் தன் பகுதியில் குழந்தைகளைப் பற்றித் தனியாக எழுதினார். விவரம் தெரியாத வயதில் செய்த தவறு அவர்களை வாழ்நாள் முழுக்கத் துரத்தக் கூடாது என்று. பெரியவர்கள் செய்வதும் துரத்தும் என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், மிரட்டுகிறவன் அந்தப் படத்தை உங்கள் மகளின் கணக்கில் இருந்துதான் எடுத்தான் என்பது நிச்சயமா? காதுகுத்து நடத்தியவர்கள் முழு ஆல்பத்தையும் ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டிருக்கிறார்களா என்று இன்று ராத்திரியே பாருங்கள். போட்டிருந்தால் லிங்க்கைக் குறித்துக்கொண்டு, அப்புறம் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் காரணம் சொல்ல வேண்டாம். ஏன் என்று கேட்டால், யூடியூபில் ஒரு வக்கீல் ஏதோ பயமுறுத்தினார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.