கோயில் இங்கதான் இருக்கு, சாமி எங்க இருக்கு?

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணிக்கும், கொசுக்கடியில உக்காந்து கேட்டுகிட்டு இருக்கற கும்பகோணத்து மக்களுக்கும் வணக்கம். அவ்வளவுதான் வணக்கம், நேரா விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கு முன்னாடி பேசுன எதிரணி அண்ணன் ஒரு வார்த்தைய வீசிட்டுப் போயிருக்காரு, அதுக்குப் பதில் சொல்லாம எனக்கு வேற எதுவும் ஓடல.

தலைப்பு என்ன? நம்ம டெல்டா பிள்ளைங்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய் கலை வரலாறு படிக்கறது அவசியமா, ஆடம்பரமா? நான் அவசியம்னு பேச வந்திருக்கேன், அண்ணன் ஆடம்பரம்னு பேசுனாரு. பேசட்டும். ஆனா என்ன சொன்னாரு? "கோயிலு இங்க இருக்கு, செலை இங்க இருக்கு, செலை செய்யற ஸ்தபதி சுவாமிமலையில இருக்காரு, இதப் படிக்க லண்டனுக்கு பிளைட் ஏறுறவன் காவேரிக்கரையில நின்னுகிட்டு பாட்டில் தண்ணி வாங்கிக் குடிக்கறவன்"னு சொன்னாரு. நீங்களும் கை தட்டுனீங்க, பின்னாடி விசிலு வேற.

சரிங்கண்ணே, காவேரிக்கே வர்றேன். தண்ணி இங்கதான் ஓடுது. ஆனா அது நம்ம தண்ணின்னு சொல்றதுக்கு நாம எங்க போனோம்? கல்லணையில நின்னுகிட்டா சொன்னோம்? டெல்லிக்குப் போனோம்ணே! 1990ல நடுவர் மன்றம் அமைச்சாங்க, 2007ல இறுதித் தீர்ப்பு வந்துச்சு, 2018ல உச்சநீதிமன்றம் 177.25 டிஎம்சின்னு கணக்கு சொல்லுச்சு, இத்தனை வருஷமும் நம்ம வக்கீலும் நம்ம இன்ஜினியரும் நம்ம விவசாய சங்கத்துப் பெரியவங்களும் அந்த ஊருக்கு ரயிலேறிப் போய், அந்தக் கோர்ட்டுக்குப் புரியற மாதிரி கட்டுக் கட்டா கணக்க எடுத்து வச்சுப் பேசுனாங்கல்ல, அவங்கள பாத்து யாராச்சும் "ஆறு இங்க இருக்கும்போது உனக்கு டெல்லியில என்னய்யா வேலை"ன்னு கேட்டோமா? கேக்கலையே! மாலை போட்டுல்ல வரவேத்தோம்!

இப்ப இன்னொன்னு கேக்கறேன். கோயில் இங்க இருக்குன்னு சொன்னீங்க, ஒத்துக்கறேன். செலை இங்க இருக்குன்னு சொன்னீங்களே, இருக்கா?

இங்கேர்ந்து சைக்கிள மிதிச்சா போயிடலாம், சிவபுரம். சம்பந்தரும் அப்பரும் பாடுன ஊரு. 1951ல அந்த ஊர் மண்ணுக்குள்ளேர்ந்து செப்புத் திருமேனிங்க கெடைக்குது, அதுல ஒரு நடராஜர், சோழர் காலத்து வார்ப்பு, ஆயிரம் வருஷத்துச் சாமி. கோயில்ல வைக்கறாங்க. கொஞ்சம் பழுது பாக்கணும்னு வெளிய குடுக்கறாங்க. பழுது பாக்கப் போன சாமி திரும்பி வருது. கவனமா கேளுங்க. போன சாமி வேற, வந்த சாமி வேற! அதே ஒசரம், அதே திருவாசி, அதே தூக்கின கால். ஊருக்குத் தெரியாது. அபிஷேகம் நடக்குது, மார்கழித் திருவாதிரைக்கு களி கிண்டி படைக்கறாங்க, புள்ள இல்லாதவங்க வேண்டிக்கறாங்க, பரீட்சை எழுதப் போற பையன் திருநீறு வாங்கிட்டுப் போறான். யாருக்கு? நகலுக்கு! அசலு அந்தப் பக்கமா பம்பாய்க்குப் போயாச்சு.

பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேட்டுச்சா? மறுபடி சொல்றேன், ஏன்னா இது நம்ம காதுல ரெண்டு தடவை விழவேண்டிய சேதி. நம்ம ஊர்ல, நம்ம கண்ணு முன்னாடி, நாம தெனம் கும்புட்ட சாமிய மாத்தி வச்சிருக்கான், நமக்குத் தெரியல. நம்ம பக்தியில கொறை இல்ல, அந்தத் தாய்மார் கண்ணுல ஊத்துன தண்ணி அசல் தண்ணிதான். ஆனா பக்தி பாக்கற பார்வை வேற, செலையப் படிக்கறவன் பாக்கற பார்வை வேற. அப்ப யாரு கண்டுபிடிச்சா? லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல வேலை பாத்த டக்ளஸ் பாரெட்னு ஒருத்தரு, சோழர் செப்புத் திருமேனிங்களப் பத்தி 1965ல ஒரு புத்தகம் போடுறாரு, அதுல போகிற போக்குல எழுதறாரு, சிவபுரம் கோயில்ல இருக்கறது நகல், அசல் பம்பாயில ஒரு தனியார்கிட்ட இருக்குன்னு. போகிற போக்குலங்க! நமக்கு உயிர் போற விஷயம், அங்க ஒரு வரி.

அப்புறம் அது கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போய், கலிபோர்னியாவுல நார்டன் சைமன்னு ஒரு பெரும் பணக்காரர் கைக்குப் போய், இந்திய அரசாங்கம் வழக்கு போட்டு, பேச்சுவார்த்தை நடத்தி, 1986லதான் இந்தியாவுக்குத் திரும்புச்சு. முப்பது வருஷம்! அந்தப் பார்வை நம்ம ஊர் புள்ளை ஒருத்தனுக்கு அன்னைக்கே இருந்திருந்தா, வந்து எறங்கின அன்னைக்கே தொட்டுப் பாத்து "இது எங்க சாமி இல்ல"ன்னு சொல்லியிருப்பானா மாட்டானா?

அண்ணன் இப்ப என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும், துண்டுச் சீட்டுல ஏதோ எழுதிகிட்டு இருக்காரு. "தொல்லியல் துறை நாகசாமி லண்டன்லயா படிச்சாரு"ன்னு கேப்பாரு. முன்னாடியே ஒருக்கா கேட்டாரு. கேளுங்கண்ணே, அதுக்காகத்தான் காத்துகிட்டு இருக்கேன்.

பத்தூர்னு ஒரு கிராமம், இப்ப திருவாரூர் மாவட்டம். 1976ல ஒரு கூலித் தொழிலாளி மண்ணு வெட்டறப்ப நடராஜர் கெடைக்குது. சில நூறு ரூவாய்க்கு கை மாறுது. கை மாறி கை மாறி லண்டனுக்குப் போயிடுது, கனடா கம்பெனி ஒன்னு பெரிய வெலை குடுத்து வாங்குது, பிரிட்டிஷ் மியூசியத்துல சுத்தம் பண்ணக் குடுத்த எடத்துல போலீஸ் புடிக்குது. கேஸு லண்டன் கோர்ட்டுல. சாமி எங்களுதுன்னு உரிமை கேட்டு நின்னது யாரு தெரியுமா? இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, அதோட பத்தூர் சிவன் கோயிலும்! இடிஞ்சு கெடந்த கோயிலு, வெள்ளைக்கார நீதிபதி முன்னாடி "என் சாமிய குடு"ன்னு நின்னுச்சு. அந்தக் கோயிலுக்கு வழக்கு போட உரிமை உண்டுன்னு அந்த ஊர் கோர்ட்டே ஏத்துகிச்சு. எவ்வளவு பெரிய விஷயம்!

அங்க கூண்டுல ஏறி சாட்சி சொன்னவருதான் நம்ம தொல்லியல் துறை இயக்குநரா இருந்த டாக்டர் நாகசாமி. இது பத்தூர்ல கெடைச்ச மத்த திருமேனிங்களோட சேந்ததுன்னு, அது வார்த்த முறை, அணிகலன், முகம்னு ஒவ்வொன்னா எடுத்து வச்சாரு. செலை மேல ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் கூட நிபுணருங்க ஆராய்ஞ்சாங்க. காவேரி மண்ணு லண்டன்ல சாட்சி சொல்லுச்சுங்க! 1988ல ஜெயிச்சோம், 1991ல அப்பீல்லயும் ஜெயிச்சோம், அந்த வருஷமே சாமி தமிழ்நாடு திரும்புச்சு.

ஆமாண்ணே, நாகசாமி இங்கதான் படிச்சாரு. அவரு மேதை. ஆனா அவரு ஒருத்தரு. 2022 ஜனவரியில அவரும் போயிட்டாரு. அந்தக் கூண்டுல ஏறி நிக்க, குறுக்கு விசாரணையில அந்த ஊர் வக்கீலு மடக்குனா அவன் பாஷையிலயே, அவன் பாடப்புத்தகத்தையே எடுத்துக் காட்டி பதில் சொல்ல, அடுத்து எத்தனை பேர நாம தயார் பண்ணி வச்சிருக்கோம்? ஒரு மேதை தானா மொளைப்பாரு, காத்திருக்கலாம்னு சொல்றீங்களா? திருடு காத்துகிட்டு இருக்கலையே! கொள்ளிடத்துக்கு அந்தாண்ட ஸ்ரீபுரந்தான்லேர்ந்து போன நடராஜர, 2008ல ஆஸ்திரேலியாவோட தேசிய கலைக்கூடம் 50 லட்சம் டாலர் குடுத்து வாங்குச்சு. பொய்க் காகிதத்த நம்பி! புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல பழைய போட்டோ ஒன்னு இருந்துச்சு, அத வச்சுத்தான் இது ஸ்ரீபுரந்தான் சாமின்னு அடிச்சுப் பேச முடிஞ்சுது. 2014ல திரும்புச்சு. அந்தக் காகிதம் பொய்யின்னு கண்டுபிடிக்கறதுதான் இன்னைக்கு கலை வரலாறு வகுப்புல பெரிய பாடம். ஒரு செலை எந்த வருஷம் யார் கையில இருந்துச்சு, எந்த ஏலத்துல போச்சுன்னு பின்னாடியே நூல் புடிச்சுப் போறது. அந்த ஏலக்கடை கணக்கெல்லாம் லண்டன்லயும் நியூயார்க்லயும் கெடக்கு, நாச்சியார்கோயில்ல கெடக்கல.

ஏலக்கணக்கு மட்டுமா? நம்ம ஊரு சரித்திரமே அங்க சிதறிக் கெடக்கு. நாகப்பட்டினத்து புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்த எழுதி வச்ச செப்பேட்டுக்கு ஒலகம் வச்ச பேரே லெய்டன் செப்பேடு, ஹாலந்துல லெய்டன் பல்கலைக்கழகத்துல போய்ச் சேந்ததால. தரங்கம்பாடியில டேனிஷ்காரன் 1620ல கோட்டை கட்டுனான்ல, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்துல, அந்தக் காலத்துக் காகிதம் கோபன்ஹேகன்ல. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு காலத்துலேர்ந்து தரங்கம்பாடி மிஷன்காரங்க சேத்த ஓலைச்சுவடிங்க ஜெர்மனியில ஹாலேங்கற ஊர்ல. தஞ்சாவூர் ஓவியருங்க கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு வரைஞ்சு குடுத்த படங்க லண்டன்ல. அண்ணே, நம்ம புள்ளைங்க வெளிநாட்டப் படிக்கறதுக்கு வெளிநாடு போகல, தரங்கம்பாடியப் படிக்கப் போகுது!

போய்ட்டு வந்தவங்க என்ன செஞ்சாங்கன்னு ஒரே ஒரு ஆளு சொல்றேன், ஷாரதா ஸ்ரீனிவாசன். ஐஐடியில இன்ஜினியரிங் படிச்சாங்க, பரதநாட்டியம் ஆடுவாங்க, லண்டன்ல டாக்டரேட் பண்ணாங்க. தென்னிந்திய செப்புத் திருமேனிங்கள்ல துளி உலோகம் எடுத்து, அதுல இருக்கற ஈயத்த ஆராய்ஞ்சு, எந்தச் செலை எந்தக் காலத்து வார்ப்போட சேரும்னு ஒரு கைரேகை மாதிரி எடுத்து வச்சாங்க. சிவபுரத்துல அன்னைக்கு நாம ஏமாந்தோம்ல, அந்த ஏமாத்து வேலைய இந்தக் கணக்கு முன்னாடி பண்றது லேசு இல்ல. 2019ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இதுக்குப் பேரு ஆடம்பரமா?

வேலை கெடைக்குமா, சம்பளம் வருமான்னு எதிரணி தங்கச்சி கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். இன்ஜினியரிங் அளவுக்கு வராது. ஆனா ஜெர்மனியில பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகத்துல டியூஷன் பீஸே கெடையாது, பிரிட்டன் போறதுக்கு செவனிங், காமன்வெல்த்னு ஸ்காலர்ஷிப் இருக்கு. தேடினா வழி இருக்கு. அத விடுங்க, எனக்கு நேரம் இல்ல, மனசுல இருக்கறத சொல்லிடறேன்.

மத்திய அரசுல ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஸ்காலர்ஷிப் இருக்கு. யாருக்கு? தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைங்களுக்கு, நெலமில்லாத விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைங்களுக்கு, பரம்பரைக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு. கேக்கவே நெஞ்சு நெறையுதுல்ல? 2022ல அதுல ஒரு விதி சேத்தாங்க, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு படிக்கப் போறவங்களுக்கு இந்தப் பணம் கெடையாதுன்னு. சொன்ன காரணம்? இதெல்லாம் படிக்கத்தான் இங்கயே வசதி இருக்கேன்னு! எதிரணி அண்ணன் சொன்ன அதே காரணம். நீங்க விசிலடிச்சு ரசிச்ச அந்த வார்த்தைதாங்க ஒரு புள்ளையோட விண்ணப்பத்துக்குக் கதவ சாத்துச்சு.

எனக்கு ஒரு பொண்ணு தெரியும். பேர் சொல்ல மாட்டேன். அவங்க அப்பா பட்டறையில வேலை பாக்கறாரு, தேன்மெழுகும் குங்கிலியமும் சேத்துப் பெசஞ்சு உரு புடிச்சு, காவேரி வண்டல் பூசி, காய வச்சு, மெழுக உருக்கி எடுத்துட்டு அந்தப் பள்ளத்துல உலோகத்த ஊத்தற வேலை. அவரு கை பூரா தீப்புண்ணு தழும்பு. அந்தப் புள்ள சின்னதுலேர்ந்து அப்பாவுக்கு மண்ணு சலிச்சுக் குடுத்த புள்ள, ஒரு செலையத் தட்டிப் பாத்து அந்த சத்தத்துல உள்ள ஓட்டை இருக்கான்னு சொல்லும். வரலாறு எம்.ஏ. முடிச்சுது. லண்டன்ல ஒரு பல்கலைக்கழகத்துல கலை வரலாறு படிக்க எடம் கெடைச்சுது. கடுதாசிய எடுத்துகிட்டு எங்கிட்ட ஓடி வந்துச்சு. ஸ்காலர்ஷிப் விதிய நாந்தான் எடுத்துப் படிச்சுக் காட்டுனேன். "ஏன் சார், எங்க அப்பா செய்யறத நான் படிக்கக்கூடாதுன்னா எழுதியிருக்கு?"ன்னு கேட்டுச்சு. நான் என்ன பதில் சொல்லுவேன்? நீங்க சொல்லுங்க, என்ன பதில் சொல்லுவீங்க?

சோழன் காலத்துலேர்ந்து இந்த மண்ண எடுத்துதான்யா சாமி செஞ்சோம். செஞ்ச கைக்கு பேரு கெடையாது, கல்வெட்டுல எடம் கெடையாது, மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குக் கீழ ஒட்டுற சீட்டுல வாங்கின பணக்காரன் பேரு இருக்கு, குடுத்த டிரஸ்ட் பேரு இருக்கு, வார்த்தவன் பேரு இல்ல. அந்தச் சீட்ட எழுதற மேஜையில நம்ம பட்டறைப் புள்ள ஒன்னு உக்காந்து, இது எங்க ஊரு, எங்க மண்ணு, இப்படித்தான் எங்க தாத்தன் செஞ்சான்னு எழுதணும்னு நான் ஆசைப்படறேன். இது ஆடம்பரம்னா இந்த ஆடம்பரம் எனக்கு வேணும், என் ஊருக்கு வேணும்.

பெல்லு அடிச்சாச்சு, முடிச்சுக்கறேன். அந்தப் புள்ள வேற ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டிருக்கு, இந்த வருஷமும் விடல. அவங்க அம்மா, காதுல கெடந்தத அடமானம் வச்சு பாஸ்போர்ட்டும் பரீட்சை பீஸும் கட்டுன அம்மா, இந்தக் கூட்டத்துலதான் இருக்காங்க, நானே வரச் சொன்னேன். நடுவர் அவர்களே, உங்களுக்கு எங்க அணி ஜெயிச்சாலும் ஒன்னுதான், அவங்க அணி ஜெயிச்சாலும் ஒன்னுதான். ஆனா ஆடம்பரம்னு தீர்ப்பு சொல்றதா இருந்தா, மைக்குல சொல்லாதீங்க, எறங்கி வந்து அந்த அம்மாகிட்ட சொல்லுங்க.