தோற்ற வழக்கும் தாய்லாந்துச் சிகரெட்டும்

நேயர்களுக்கு வணக்கம். உலகமயமாக்கலும் புகையிலையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கிடைத்த நேரத்தில் உலகம் முழுக்கச் சுற்றிவர முடியாது. பெரும்பாலும் தாய்லாந்தைப் பற்றியே பேசப் போகிறேன். அங்கே நடந்தது பிடிபட்டால் மற்ற நாடுகளின் கதை பாதி புரிந்துவிடும்.

அமெரிக்காவில் சிகரெட்டின் கேடு பற்றிய அரசின் மருத்துவ அறிக்கை 1964-ல் வந்தது. 1971 ஜனவரியில் ரேடியோவிலும் டிவியிலும் சிகரெட் விளம்பரம் நின்றுபோனது. எண்பதுகளில் விற்பனையும் இறங்க ஆரம்பித்தது. உள்ளூரில் சரக்கு ஓடவில்லை என்றால் வியாபாரி வெளியூர்ச் சந்தையைப் பார்ப்பது வழக்கம்தானே. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் ஆண்கள் நிறையவே புகைத்தார்கள், பெண்கள் புகைப்பது குறைவு. கம்பெனிக்காரர்கள் கண்ணுக்கு இரண்டுமே நல்ல செய்தி. ஆனால் ஜப்பான், தைவான், தென்கொரியா, தாய்லாந்து எல்லாவற்றிலும் சிகரெட் தொழில் அரசின் பிடியில் இருந்தது. வெளிச்சரக்கு எளிதில் உள்ளே போக முடியாது.

அமெரிக்க வர்த்தகச் சட்டத்தில் 301 என்றொரு பிரிவு உண்டு. எங்கள் சரக்கை நீங்கள் விடாவிட்டால் உங்கள் சரக்குக்கு நாங்கள் வரி போடுவோம் என்பது அதன் சாரம். துணி, மின்சாதனம் என்று அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாடுகள் இதற்கு எப்படித் தாக்குப்பிடிக்கும்? 1986-ல் ஜப்பான், அடுத்து தைவான், 1988-ல் தென்கொரியா என்று ஒவ்வொன்றாக வழிவிட்டன. உள்ளே விட்டால் மட்டும் போதாது, விளம்பரம் செய்யவும் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். சொந்த நாட்டு ரேடியோவில் வாயை மூடிக்கொண்டவர்கள் கேட்ட கேள்வி இது!

தென்கொரியாவில் சந்தை திறந்த ஒரே வருடத்தில் பதின்வயதுப் பையன்களில் புகைப்பவர்கள் 18.4 சதவீதத்திலிருந்து 29.8 ஆனார்கள். பெண் பிள்ளைகளில் 1.6 சதவீதம் 8.7 ஆனது. இதை எடுத்துச் சொன்னது கொரியர்கள்கூட இல்லை, அமெரிக்காவின் சொந்தக் கணக்காய்வு அலுவலகம்தான், 1992-ல்.

அப்புறம் தாய்லாந்தின் முறை. 1989-ல் அமெரிக்கச் சிகரெட் ஏற்றுமதியாளர் சங்கம் புகார் கொடுத்தது. தாய்லாந்து மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. வாஷிங்டனுக்கே போய், அங்குள்ள சுகாதார அமைப்புகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாதாடினார்கள். கடைசியில் விவகாரம் காட் அமைப்பிடம் போனது. இன்றைய உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடி அது.

1990 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தாய்லாந்து தோற்றது. உன் அரசுக் கம்பெனி சிகரெட் விற்கும்போது, வெளிச் சிகரெட்டைத் தடுக்க ஆரோக்கியத்தைக் காரணம் காட்ட முடியாது என்றார்கள். எனக்கும் தாய்லாந்தின் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கஜானாவுக்கு வருமானம் வரும் புகை மட்டும் நுரையீரலை விட்டுவைக்குமா என்ன?

அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி இருந்தது. விளம்பரத்தைத் தடை செய்யலாம், வரியை ஏற்றலாம், எச்சரிக்கை போடச் சொல்லலாம். எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி, உள்ளூர்ச் சரக்குக்கும் வெளிச்சரக்குக்கும் விதி ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தாய்லாந்து இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 1992-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்றில் விளம்பரத் தடை, இன்னொன்றில் பொது இடத்தில் புகைக்கத் தடை. தன் அரசுக் கம்பெனியையும் சேர்த்தே கட்டிப்போட வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து நெருக்கடி வராமல் இருந்திருந்தால் அந்த அரசு தன் வருமானத்தில் தானே இவ்வளவு சீக்கிரம் கைவைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

2005-லிருந்து அங்கே கடையில் சிகரெட்டைக் கண்ணில் படும்படி அடுக்கி வைக்கவும் கூடாது. பாங்காக்கில் ஒரு சின்ன சூப்பர் மார்க்கெட்டில் கவனித்துப் பாருங்கள். கல்லாவுக்குப் பின்னால் மூடிய அலமாரி இருக்கும். பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் திறந்து எடுப்பார்கள். 1991-ல் பெரியவர்களில் சுமார் 32 சதவீதம் பேர் புகைத்த நாடு, 2017-ல் சுமார் 19 சதவீதத்துக்கு இறங்கியது.

கம்பெனிகளும் வேறு வழி தேடின. தென்னமெரிக்காவின் உருகுவே சிகரெட் பெட்டியில் 80 சதவீதத்தை எச்சரிக்கைக்கு ஒதுக்கச் சொன்னதும், ஃபிலிப் மோரிஸ் என்ற சிகரெட் கம்பெனி 2010-ல் ஒரு முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டது. அந்த நாட்டின் மக்கள்தொகை முப்பத்தைந்து லட்சத்தைத் தொடாது. வழக்குச் செலவே மிரட்டல்தான். 2016-ல் உருகுவே ஜெயித்தது, செலவுக்கு 70 லட்சம் டாலரும் கிடைத்தது. ஆனால் அந்த ஆறு வருடமும் மற்ற சின்ன நாடுகள் எத்தனை சட்டங்களைத் தள்ளிப்போட்டிருக்கும்!

நம் ஊருக்கு வருவோம். உலகமயமாக்கல் என்ற பேச்சே இல்லாத 1910-ல் பிரிட்டிஷ் முதலீடு கல்கத்தாவில் சிகரெட் கம்பெனி தொடங்கிவிட்டது. அதுதான் இன்றைய ஐடிசி. சிகரெட் உற்பத்தியில் நேரடி அந்நிய முதலீட்டை 2010-ல் இந்தியா தடை செய்தது. 2016-லிருந்து பெட்டியில் 85 சதவீதம் படத்தோடு எச்சரிக்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் வாங்குவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கடைக்காரர் பாக்கெட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஒன்றை உருவிக் கொடுக்கிறார். கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்ற வைத்துக்கொண்டு வாங்கியவர் நகர்கிறார். அந்த 85 சதவீதப் படம் அவர் கண்ணில் படவே இல்லை. பாக்கெட் வாங்கக் காசில்லாத பள்ளிக்கூடப் பையனுக்கும் இதுதான் வழி.

தாய்லாந்து 2017 சட்டத்தில் உதிரி விற்பனையைத் தடுத்தது, வாங்கும் வயதையும் 20 ஆக்கியது. இங்கே மகாராஷ்டிரம் 2020-ல் உதிரியைத் தடை செய்தது. காட் தீர்ப்பு சொன்ன ஒரே நிபந்தனை விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது. உதிரித் தடையில் அதற்குக் குறைவில்லை. எந்தக் கம்பெனியின் சிகரெட்டையும் அது ஒன்றுபோலத்தான் நிறுத்தும். இன்னும் தடை செய்யாத மாநிலங்கள் எதற்குக் காத்திருக்கின்றன என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.