உப்புக்காத்து தின்னாத டிக் மிஷின் கிடைச்சுது

வணக்கம் மக்களே. பின்னாடி கேக்குறது பக்கத்து வீட்டு மாவு மிஷின், கண்டுக்காதீங்க.

இதோ, வந்துடுச்சு. பழைய டிக் வெல்டிங் மிஷின், அதாவது டார்ச் முனையில இருக்குற டங்ஸ்டன் கம்பியில ஆர்க் போட்டு, காத்து படாம ஆர்கான் கேஸ் ஊதிக்கிட்டே பத்தவைக்கிறது. ஏசி டிசி ரெண்டும், 200 ஆம்ப்ஸ். வியாசர்பாடியில ஒருத்தர் ஸ்டீல் ரெய்லிங் பட்டறையை மூடுறார்னு கேள்விப்பட்டு ஓடினேன். 32 ஆயிரம் சொன்னாரு. 27-க்கு எப்படி இறங்குச்சுன்னு வரேன்.

போன வருஷம் நான் ஏமாந்த கதை பழைய ஆளுங்களுக்குத் தெரியும். திருவொற்றியூர்ல, கடல்லேர்ந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பட்டறை. மிஷின் வெளிய பெயின்ட் பளபளன்னு இருந்துது. வாங்கி ரெண்டே வாரம், ஹெச்எஃப், அதான் தொடாமலே ஆர்க்கைப் பத்தவைக்கிற சர்க்யூட், செத்துப்போச்சு. அப்புறமா கவரைக் கழட்டிப் பார்த்தா போர்டு ஃபுல்லா பச்சையா களிம்பு பூத்திருக்கு. உள்ள ஃபேன் இருக்கே, அது உப்புக்காத்தையும் கிரைண்டர் தூளையும் இழுத்து இழுத்து போர்டு மேலதான் அப்பும். நம்ம ஏரியாவுல இதான் முதல் எதிரி, ஆம்ப்ஸ் எல்லாம் அப்புறம்.

அதனால இந்த தடவை காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கவரைக் கழட்டணும்னு சொல்லிட்டேன். "கழட்டுனா வாங்கணும் தம்பி"ன்னு மொறைச்சாரு. சரிண்ணே, நல்லா இருந்தா வாங்கிக்கறேன்னேன். பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தோம். கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும், உடனே கைய விட்டுடாதீங்க. தூசி இருந்துது, களிம்பு இல்ல.

அடுத்து ஓட்டிக் காட்டுறேன்னு ஒரு இரும்புத் தகட்டை எடுத்தாரு. இரும்புல எல்லா மிஷினும் ஓடும்ணே, அது டிசி, ஏசி நல்லா இருக்கான்னு தெரியாதுன்னேன். நான் பையிலேர்ந்து ஒரு பழைய அலுமினிய ஜன்னல் சட்டத்துண்டை எடுத்து வெச்சேன். அலுமினியம் 660 டிகிரியில உருகிடும், ஆனா மேல இருக்குற ஆக்சைடு தோல் உருக 2000-க்கும் மேல வேணும். ஏசியில ஒரு பாதி அலைதான் அந்தத் தோலை உரிக்கும். மிஷின்ல ஏசி பக்கம் கெட்டுப்போயிருந்தா உருகின அலுமினியம் குளம் கட்டாது, கஞ்சி மாதிரி கறுத்துப்போகும். இதுல கண்ணாடி மாதிரி குளம் கட்டுச்சு. ஸ்டீல் மட்டும்தான் பண்ணப்போறேன்னா டிசி மட்டும் உள்ளதை வாங்குங்க, காசு மிச்சம்.

பேரம் எங்க விழுந்துதுன்னா, டங்ஸ்டன்ல. ஆர்க்கை நிறுத்தினதும் அது வெள்ளி மாதிரி இருக்கணும், கறுத்திருந்துது. அப்படின்னா சூடு ஆறுறதுக்குள்ள காத்து பட்டிருக்கு. நிறுத்தின பிறகும் சில செகண்ட் கேஸ் வரணும், அது சரியா வந்துது. அப்போ எங்கயோ லீக்குன்னு சோப்பு நுரை தடவினா டார்ச்சுக்கு கேஸ் போற ட்யூப் ஜாயின்ட்ல முட்டை முட்டையா பொங்குது. ட்யூப் மாத்தணும்னு காட்டினேன், 27-க்கு வந்துட்டாரு.

இதை வீட்டு கரண்ட் லைன்ல ஓட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. 16 ஆம்ப் பிளக்குல 100 ஆம்ப்ஸ் வரைக்கும் வெச்சு ஓட்டலாம். முழு 200 வேணும்னா தனி லைன் இழுக்கணும், எர்த் கண்டிப்பா.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. வெல்ட் பண்றப்போ ஃபேன் போடக்கூடாது, ஆர்கானை ஊதித் தள்ளிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாசம். இப்ப ஆஃப் பண்றேன், ட்யூப் மாத்திட்டேன், ஓட்டிப் பாப்போம்.