கையுறையும் கைபேசியும்: யூகேட் தேர்வில் ஒரு கேள்வி

(திரையில்: பல் மருத்துவ நாற்காலி, வாயைத் திறந்தபடி ஒரு நோயாளி)

வணக்கம். பிரிட்டனில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. மாணவர் ஒருவர் கையுறை போட்ட கையோடு கைபேசியை எடுத்துப் பார்க்கிறார். அதே கையுறையோடு நோயாளியின் வாயில் கை வைக்கப் போகிறார். கூடப் படிக்கும் நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். என்ன செய்ய வேண்டும்?

அந்த நாட்டில் மருத்துவமோ பல் மருத்துவமோ படிக்க விரும்புகிறவர்கள் எழுதும் யூகேட் தேர்வில், சூழ்நிலையைக் கொடுத்து இப்படிக் கேட்கும் பகுதி ஒன்று உண்டு. 26 நிமிடத்தில் 69 கேள்விகள். உயிரியல், வேதியியல் எதுவும் வேண்டாம். முடிவு பேண்ட் 1 முதல் 4 வரை வரும்; 1 தான் உயர்ந்தது. பேண்ட் 4 வாங்கியவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை.

சரி, கையுறைக்கு வருவோம்.

(திரையில்: 'சிகிச்சை முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது')

இது எவ்வளவு பொருத்தம்? நான்கு விடைகள்: மிகப் பொருத்தம்; பொருத்தம்தான், ஆனால் சிறந்ததல்ல; பொருத்தமில்லை, ஆனால் படுமோசமில்லை; கொஞ்சமும் பொருத்தமில்லை.

நம் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன். நாலு பேர் முன்னால் ஒருவரைக் குறை சொல்லக் கூடாது என்றுதானே வளர்க்கிறோம்! ஆனால் சிகிச்சை முடியும்வரை காத்திருந்தால் அழுக்குக் கையுறை வாய்க்குள் போய் வந்திருக்கும். நோயாளிக்கு ஆபத்து என்றால் நண்பரின் கூச்சம் இரண்டாம்பட்சம். ஆகவே இது பொருத்தமில்லாத பக்கம். அந்த நொடியே, நோயாளி பதறாத குரலில், "கையுறையை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதுதான் மிகப் பொருத்தம்.

மறக்காதீர்கள், நீங்கள் அங்கே மாணவர். "நகருங்கள், நானே பார்க்கிறேன்" என்று சிகிச்சையில் இறங்குவது தவறு.

இதையெல்லாம் கேட்டு நல்ல மருத்துவரைக் கண்டுபிடிக்க முடியுமா? பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் மருத்துவ நுழைவுத் தேர்விலேயே வீடியோ காட்டி இப்படிக் கேட்டார்கள். அந்த மதிப்பெண்ணுக்கும், ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர்கள் மருத்துவராக வேலை செய்த விதத்துக்கும் தொடர்பு இருப்பதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பயிற்சிக்கு முன்னால், பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் மருத்துவர்களுக்காக வெளியிட்டுள்ள நடத்தை வழிகாட்டியைப் படியுங்கள், இணையத்தில் இலவசம்.

அப்புறம், தேர்வறையில் முதலில் பொருத்தமா இல்லையா என்று பக்கத்தை முடிவு செய்யுங்கள், பிறகு எந்த அளவு என்று பாருங்கள். சரியான விடைக்குப் பக்கத்தில் வந்தாலும் பாதி மதிப்பெண் போல ஏதாவது கிடைக்கும். தவறான விடைக்குக் கழிப்பதும் இல்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.