பாலாற்றங்கரை மண்ணுக்கு உயிர்க்கரி

வணக்கம் நேயர்களே. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் வயலில் உப்புப் பூத்து வெள்ளை வெளேரென்று கிடக்கும். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பாழானதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிட்டது.

அந்தக் கழிவில் உப்போடு, தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகமும் வருகிறது. குரோமியம் மூன்று என்ற வகை மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், ஆபத்து குறைவு. குரோமியம் ஆறு அப்படியல்ல. தண்ணீரில் கரைந்து கிணற்றுக்கும் வேருக்கும் போய்ச் சேரும், புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. காற்று அதிகம் படாமல் விறகை எரித்து எடுக்கும் கரிதான் பயோசார் எனப்படும் உயிர்க்கரி. அது இந்த ஆறை மூன்றாக மாற்றித் தன்மேல் பிடித்துக்கொள்கிறது. நஞ்சு மண்ணை விட்டுப் போவதில்லை, பயிருக்கு எட்டாமல் கட்டுண்டு கிடக்கிறது. உப்பைக் கரி நீக்காது. அதற்கு வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் கட்டிக் கழுவித்தான் ஆக வேண்டும்.

சரி, கரிக்கு எங்கே போவது? சீமைக் கருவேலம் இருக்கிறதே! கூம்பு வடிவில் குழி வெட்டி அடியில் தீ மூட்டுங்கள். விறகின்மேல் சாம்பல் வெளுக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். மேலே எரியும் தீ கீழே காற்றை விடாது. அதனால் கீழே உள்ளது சாம்பலாகாமல் கரியாகும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். ஆறிய கரியை விரலில் தேய்த்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கறை போய்விட்டால் நன்றாக வெந்திருக்கிறது. சோப்பு போட்டால்தான் போகும் என்றால் தார் மிச்சமிருக்கிறது. தோல் துண்டுகளை மட்டும் குழியில் போட்டுவிடாதீர்கள். குரோமியம் ஏற்றிய தோலை எரித்தால் அந்தப் பொல்லாத ஆறாம் வகைதான் கிளம்பும்.

கரியை அப்படியே வயலில் கொட்டினால் பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். சாணக் கரைசலில் இரண்டு வாரம் ஊறட்டும். அப்புறம், மண் பரிசோதனை முடிவைப் பாருங்கள். ஏற்கெனவே காரம் கூடிய மண்ணில் கரி காரத்தை இன்னும் ஏற்றிவிடலாம். அதனால் எடுத்த எடுப்பில் ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். ஒரு சென்ட்டில் 40 கிலோ கலந்து பாருங்கள். ஹெக்டேருக்கு 10 டன் என்ற கணக்கு அது. அங்கே முதலில் கீரை வேண்டாம், இலைதான் உலோகத்தை அதிகம் சேர்த்து வைக்கும். சாமந்தி போடுங்கள். பூ பறித்து முடிந்ததும் அதே இடத்து மண்ணை மறுபடி ஆய்வுக்குக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.