ஒரே சாம்பிளை எக்ஸ் கதிரிலும் நியூட்ரானிலும் அளக்கலாமா? கிரெனோபிள் வளாகம் – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன பகுதியில பிரான்ஸ்ல இருக்கிற கிரெனோபிள் ஆய்வு வளாகத்தைப் பத்திப் பேசியிருந்தோம். அதைப் பார்த்துட்டு ஒரு ஆராய்ச்சி மாணவி கேட்டிருக்காங்க, அப்படியே படிக்கிறேன்: "எங்ககிட்ட புரதமும் ஆர்என்ஏவும் சேர்ந்த ஒரு காம்ப்ளெக்ஸ் இருக்கு. எக்ஸ் கதிர் வளையமும் நியூட்ரான் உலையும் ஒரே வேலிக்குள்ள இருக்குன்னு சொன்னீங்க. அப்போ ஒரே டியூபை எடுத்துட்டுப் போய், ஒரே வாரத்துல, ரெண்டு இடத்துலயும் அளந்துட்டு வந்துடலாமா? எவ்வளவு சாம்பிள் வேணும்?"

ஒரே தயாரிப்பு, ஆமா, கண்டிப்பா. ஒரே டியூப், வேண்டாம். ஒரே வாரம், கிடைச்சா சந்தோஷம், ஆனா அதை நம்பித் திட்டம் போடாதீங்க.

வாரத்தை முதல்ல முடிச்சுடுறேன். இசேர், திராக் ரெண்டு ஆறும் கூடுற முனையில 844 மீட்டர் சுற்றளவுள்ள ஈஎஸ்ஆர்எஃப் வளையம் இருக்கு, அதாவது எலெக்ட்ரானைச் சுத்த விட்டு எக்ஸ் கதிர் உண்டாக்குற ஐரோப்பிய சிங்க்ரோட்ரான். ஒட்டினாப்புல ஐஎல்எல் நியூட்ரான் உலை, 58 மெகாவாட். 1970-கள்ல இருந்து ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமான ஈஎம்பிஎல் அங்க இருக்கு, 2013-ல கட்டமைப்பு உயிரியல் ஆராயுற ஐபிஎஸ் நிறுவனமும் குடிவந்துடுச்சு. ஒருத்தர் வாசல்ல இருந்து இன்னொருத்தர் வாசலுக்கு நடந்தே போயிடலாம். ஆனா நேரம் ஒதுக்குற குழுக்கள் வேற வேற, நாட்காட்டியும் வேற வேற. உலை ஒரு எரிபொருள் கூறை வச்சு 50 நாள் அளவுக்கு ஓடும், அப்புறம் நிக்கும். வளையத்துக்குத் தனியா பராமரிப்பு இடைவெளி இருக்கு. ரெண்டும் ஓடுற வாரத்துல ரெண்டு இடத்துலயும் உங்களுக்கு நேரம் விழணும். அதனால விண்ணப்பத்துலயே, ரெண்டு அளவீடும் ஒரே கேள்விக்காகத்தான்னு தெளிவா எழுதுங்க. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே, ரெண்டு பக்கமும் கற்றை வர்ற அளவீட்டு நிலையத்தை (பீம்லைன்) நடத்துற விஞ்ஞானிகளோட பேசிடுங்க.

இப்போ விஷயத்துக்கு வரலாம். எதுக்கு ரெண்டும் வேணும்? ரெண்டுலயும் கற்றை சாம்பிள்ல பட்டு எந்தக் கோணத்துல எவ்வளவு சிதறுதுன்னு ஒரு வளைவா வரைவோம். எக்ஸ் கதிர் எலெக்ட்ரானைப் பார்க்குது. கன அங்ஸ்ட்ராமுக்கு நீர்ல சுமார் 0.33 எலெக்ட்ரான், புரதத்துல 0.43, ஆர்என்ஏல 0.55. ரெண்டுமே நீரைவிட அடர்த்தி, அதனால ரெண்டும் சேர்ந்தே தெரியும், ஆர்என்ஏ கொஞ்சம் பளிச்சுன்னு தெரியும். எது புரதம், எது ஆர்என்ஏன்னு அந்த வளைவை மட்டும் வச்சுப் பிரிச்சுச் சொல்றது கஷ்டம். நியூட்ரான் அணுக்கருவைப் பார்க்குது. ஒரு அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு சிதறடிக்குதுன்னு சொல்ற அளவு சிதறல் நீளம்: ஹைட்ரஜனுக்கு மைனஸ் 3.74 ஃபெம்டோமீட்டர், அதோட கனமான வகையான டியூட்டீரியத்துக்கு பிளஸ் 6.67. குறியே மாறிடுது பாருங்க! இதனால சாதாரண நீரையும், டியூட்டீரியம் இருக்கிற கனநீரையும் கலக்குற விகிதத்தை மாத்தி, கரைசலோட சிதறல் அடர்த்தியை நாம விரும்பின இடத்துல கொண்டுவந்து நிறுத்தலாம். கனநீர் 42 சதவீதம் கிட்ட வந்தா புரதம் கரைசலோட கலந்து மறைஞ்சுடும், ஆர்என்ஏ மட்டும் நிக்கும். 70 கிட்ட போனா ஆர்என்ஏ மறைஞ்சு புரதம் நிக்கும். இந்த இடத்தைப் பொருந்து புள்ளின்னு சொல்றோம்.

உங்களுக்கு இருக்கிறது புரதம் ஒண்ணு, ஆர்என்ஏ ஒண்ணு. அதனால டியூட்டீரியம் ஏத்தின புரதம் தேவையில்ல. காம்ப்ளெக்ஸ்ல ரெண்டு புரதம் இருந்து, ஒண்ணை மட்டும் மறைக்கணும்னாதான் ஐஎல்எல்-ல இருக்கிற டியூட்டீரிய ஆய்வகம் வேணும். பாக்டீரியாவைக் கனநீருக்குப் படிப்படியா பழக்கி வளர்ப்பாங்க. 75 சதவீதம் அளவுக்கு டியூட்டீரியம் ஏறின புரதம், முழுக் கனநீர்ல மறைஞ்சுடும். அதுக்குத் தனி விண்ணப்பம், தனி மாதக்கணக்கு.

அளவு கேட்டீங்க. சிறுகோண நியூட்ரான் சிதறலுக்குக் கனநீர் 0, 42, 70, 100 சதவீதம்னு நாலு புள்ளி வச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் 250 மைக்ரோலிட்டர், மொத்தம் 1 மில்லிலிட்டர். மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம்னா 4 மில்லிகிராம் ஆச்சு. எக்ஸ் கதிர் பக்கம், மில்லிலிட்டருக்கு 1-ல இருந்து 10 மில்லிகிராம் வரை நாலு செறிவு, ஒவ்வொண்ணும் 50 மைக்ரோலிட்டர். கூடவே மூலக்கூறுகளை அளவு வாரியா பிரிக்கிற ஜெல் வடிகட்டல் பத்தியோட (காலம்) சேர்த்து ஒரு ஓட்டம். அதுக்கு ஒன்றரை மில்லிகிராம் போகும். சவ்வுப் பையில வச்சுக் கரைசலை மாத்துற டயாலிசிஸ்ல போறது, முன்சோதனைக்குப் போறது எல்லாம் சேர்த்து 7, 8 மில்லிகிராம் சுத்தமான காம்ப்ளெக்ஸ் கையில இருந்தா நிம்மதியா போகலாம். அதை ஒரே தடவையில தயாரிங்க. ரெண்டு தடவை தயாரிச்சா, ரெண்டு வளைவும் ஒத்துப்போகலைன்னா குறை நாம கட்டின உருவ மாடல்லயா, தயாரிப்புலயான்னு கண்டுபிடிக்கவே முடியாது. தயாரிச்சதும் அங்கேயே சிறு பங்குகளா பிரிச்சு, எண் போட்டு வச்சுடுங்க.

ஒரே டியூப் வேண்டாம்னு சொன்னேனே, காரணம் இதுதான். எக்ஸ் கதிர் கற்றை புரதத்தைக் கெடுக்கும். கற்றை பட்ட திரவத்துல புரதங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பத்து படம் எடுத்துப் பார்த்தா, கடைசிப் படங்கள்ல, மூலக்கூறோட அளவைக் காட்டுற சுழல் ஆரம் மெல்ல ஏறிட்டே போறது தெரியும். அந்தத் திரவத்தை எடுத்துட்டுப் போய் நியூட்ரான்ல வைக்கக் கூடாது. இந்தக் கற்றையில நியூட்ரான் புரதத்தைக் கெடுக்காது, ஆனா அணுக்களைக் கதிரியக்கமாக்கலாம். உப்புல இருக்கிற சோடியம், சோடியம்-24 ஆகும், அரை ஆயுள் 15 மணி நேரம். கதிர்ப் பாதுகாப்புக் குழு அளந்து பார்த்து விடுவிச்ச பிறகுதான் சாம்பிள் வெளியே வரும். அதனால வரிசை இப்படி வைங்க: முதல்ல ஒரு சின்னப் பங்கு எக்ஸ் கதிருக்கு. தரம் சரின்னு தெரிஞ்ச பிறகு மீதிப் பங்கு கனநீர் டயாலிசிஸுக்கு, அங்கிருந்து நியூட்ரானுக்கு. எக்ஸ் கதிர்ல ஒரு சாம்பிளுக்குச் சில விநாடி போதும். நியூட்ரான்ல சில நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலயும் ஆகும். கெட்டுப்போன சாம்பிளுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கிறது மனசுக்கே ஆகாது.

இப்போ பஃபர், அதாவது சாம்பிள் கரைஞ்சிருக்கிற, பிஹெச் மாறாம வச்சுக்கிற கரைசல். அதிகமா தப்பு நடக்கிறது இங்கதான். ஒரு கருவிக்கு நல்லது இன்னொண்ணுக்குக் கெடுதல். எக்ஸ் கதிர்ல கெடாம இருக்க 5 சதவீதம் கிளிசரால் போடுவாங்க. அது நியூட்ரான் பக்கம் போனா பொருந்து புள்ளி கொஞ்சம் நகரும், ஹைட்ரஜன் பின்னணியும் ஏறும். எக்ஸ் கதிர்லயே கூட சாம்பிளுக்கும் கரைசலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைச்சுடும். கிளிசராலை விட்டுடுங்க. பத்தியோட சேர்த்து ஓட்டினா திரவம் ஓடிக்கிட்டே இருக்கும், அதுவே பாதி பாதுகாப்பு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற டிடிடி 1 அல்லது 2 மில்லிமோலார் ரெண்டு பக்கமும் ஒத்துவரும். உப்பு 150 மில்லிமோலார்னா பரவாயில்ல. 1 மோலார்னா குளோரின் நியூட்ரானைக் கொஞ்சம் விழுங்கும், எக்ஸ் கதிரும் மங்கும். ஆர்என்ஏ வேலை பண்றவங்க கையில எப்பவும் போரேட் கலந்த டிபிஇ பஃபர் இருக்கும். போரான் நியூட்ரானை அசுரத்தனமா உறிஞ்சும். அது சாம்பிள் பக்கமே வரக் கூடாது. இதே காரணத்துக்காகத்தான் போரோசிலிகேட் கண்ணாடியையும் தவிர்த்துட்டுக் குவார்ட்ஸ் குவெட் (சாம்பிள் ஊத்துற சின்னக் கலம்) வைக்கிறாங்க.

கனநீர் பஃபர் செய்யும்போது பிஹெச் மீட்டர் குறைவாக் காட்டும். மீட்டர் காட்டுற எண்ணோட 0.4 கூட்டினாதான் உண்மையான பிடி, அதாவது கனநீர்ல பிஹெச்சுக்குச் சமமான அளவு. 7.5 வேணும்னா மீட்டர்ல 7.1-ல நிறுத்துங்க. டயாலிசிஸுக்கு லிட்டர் கணக்குல கனநீர் தேவையில்ல. 250 மைக்ரோலிட்டர் சாம்பிளை 15 மில்லிலிட்டர்ல வச்சா முதல் சுற்றுலயே 98 சதவீதம் தாண்டிடும், ரெண்டாவது சுற்று போதும். பாத்திரத்தை இறுக மூடுங்க. கனநீர் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தா நீங்க எழுதி வச்ச 100 சதவீதம் பொய் ஆயிடும். உண்மையான விகிதம் என்னன்னு அங்கேயே தெரிஞ்சுக்கலாம்: சாம்பிளைக் கடந்து எவ்வளவு நியூட்ரான் வருதுன்னு முதல்ல அளப்பாங்க, அதை வச்சுக் கணக்கிடலாம். கடைசிச் சுற்று டயாலிசிஸ் பஃபரைக் கொட்டாம அப்படியே எடுத்துட்டுப் போங்க. அதுதான் கழிக்க வேண்டிய பின்னணி. புதுசா கலக்கின பஃபர் ஆகவே ஆகாது, சின்ன வித்தியாசமும் வளைவோட வால்ல தெரிஞ்சுடும்.

இன்னொண்ணு, சில புரதங்கள் சாதாரண நீர்ல சாதுவா இருந்துட்டுக் கனநீர்ல கட்டி கட்டியா ஒட்டிக்கும். இதை அங்க போய்க் கண்டுபிடிக்கக் கூடாது. ஊர்லயே 50 மைக்ரோலிட்டரைக் கனநீர்ல ஒரு ராத்திரி வச்சு, சென்ட்ரிஃபியூஜ் பண்ணி, ஒளிச் சிதறல்ல பாருங்க. முன்னாடியே போக முடிஞ்சா ஐபிஎஸ்-ல ஜெல் வடிகட்டலோட சேர்ந்த ஒளிச் சிதறல் கருவி இருக்கு, மூலக்கூறு நிறையை நேரா சொல்லிடும். இந்த வளாகத்தோட அருமையே எனக்கு இதுலதான் தெரியுது. ரெண்டு பெரிய இயந்திரத்துக்கும் நடுவுல சாம்பிள் தயாரிச்சுச் சோதிக்கிற ஒரு நல்ல ஆய்வகம், அதுல சாம்பிள் தெரிஞ்ச மனுஷங்க. 2002-ல நாலு நிறுவனங்கள் சேர்ந்து கட்டமைப்பு உயிரியலுக்குக் கூட்டமைப்பு தொடங்கினது இதுக்காகத்தான்.

குவெட் நிரப்புறதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வட்டமான தட்டைக் குவார்ட்ஸ் குவெட், கழுத்து குறுகல். உள்ளே திரவத்தோட தடிமன் 1 மில்லிமீட்டர் அல்லது 2. சாதாரண நீர் அதிகமா இருந்தா 1, கனநீர் அதிகமா இருந்தா 2. ஏன்னா 1 மில்லிமீட்டர் சாதாரண நீரே ஏறக்குறைய பாதி நியூட்ரானைத் திசை திருப்பிடும். நீளமான மெல்லிய பைப்பெட் முனையை அடி வரைக்கும் இறக்கி, மெதுவா விட்டுக்கிட்டே மேல தூக்கணும். சாம்பிள் பனிக்கட்டியில இருந்து நேரா வந்ததுன்னா, சூடேற ஏறக் கரைஞ்ச காத்து குமிழியா வந்து கற்றை படுற இடத்துலயே உக்காந்துக்கும். அதனால பத்து நிமிஷம் அறை வெப்பத்துல வச்சுட்டு நிரப்புங்க. குளிர்ல அளக்கணும்னா ஜன்னல் வெளிப்பக்கம் வியர்க்குதான்னு பாருங்க, அந்த ஈரமும் சிதறும். விரல் ஜன்னல்ல படக் கூடாது. நிரப்பினதும் மூடி போட்டுப் படலத்தால சுத்திடுங்க.

நேரக் கணக்குல நாலு சாம்பிளை மட்டும் போடாதீங்க. நாலு பஃபர், காலிக் குவெட், அளவுதிருத்தத்துக்கு 1 மில்லிமீட்டர் நீர், கற்றையைக் காட்மியம் அல்லது போரான் கார்பைடு வச்சு அடைச்சு எடுக்கிற இரைச்சல் அளவீடு, இது எல்லாத்துக்கும் நேரம் வேணும்.

ஒரே டியூபை ஒரே நேரத்துல ரெண்டு கதிராலயும் பார்க்கவே முடியாதான்னு கேட்டா, முடியும். ஐஎல்எல்-லோட டி22 கருவியில எடுத்துட்டுப் போகக்கூடிய எக்ஸ் கதிர்க் கருவி ஒண்ணை நியூட்ரான் கற்றைக்குச் செங்குத்தா நிறுத்திப் பண்ணியிருக்காங்க. நேரம் ஆக ஆக மாறுற சாம்பிளுக்கு அது அருமையான வழி. உங்க காம்ப்ளெக்ஸ் நிலையா இருந்தா அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வளைவுகள் கைக்கு வந்ததும் முதல் வேலை அலகு பாருங்க. எக்ஸ் கதிர்க் கோப்புல அச்சு நானோமீட்டரின் தலைகீழா இருக்கும், நியூட்ரான் கோப்புல அங்ஸ்ட்ராமின் தலைகீழா இருக்கும். பத்து மடங்கு வித்தியாசம். நியூட்ரான் அலைநீளத்துல 10 சதவீத அளவுக்குப் பரவல் உண்டு, அதனால கூர்மையான ஏத்த இறக்கம் மழுங்கித் தெரியும். பொருத்தும்போது மென்பொருள்ல அந்தப் பரவலைக் கொடுங்க. அஞ்சு வளைவுக்கும் ஒரே மாடல் பொருந்தணும், ஒவ்வொண்ணுக்கும் தனி மாடல் போடாதீங்க. யார் தயாரிக்கிறது, யார் கணக்கிடுறது, கட்டுரையில யார் பேர்ங்கிறதை உங்க கூட்டாளிகளோட கிளம்புறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. ரெண்டு நிறுவனத்துலயும் மூல தரவு பொதுவா 3 வருஷம் உங்களுக்கு மட்டும், அப்புறம் எல்லாருக்கும் திறந்துடும்.

கடைசியா ஆர்என்ஏ. பல குழுக்கள் பயன்படுத்துற குவெட்டும் மேசையும் அது. யாரோ விட்டுட்டுப் போன ஆர்என்ஏஸ் நொதி உங்க ஆர்என்ஏவை நறுக்கிட்டா, 42 சதவீதத்துல நீங்க பார்க்கிறது துண்டுகளைத்தான். குவெட்டைச் சோப்புக் கரைசல்ல ஊறவச்சு, ஆர்என்ஏஸ் இல்லாத நீர்ல நல்லா அலசிட்டு நிரப்புங்க. அளந்து முடிச்சு, பாதுகாப்புக் குழு விடுவிச்சதும், ஒவ்வொரு குவெட்ல இருந்தும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து, கற்றைக்கே போகாத பங்கோட பக்கத்துல வச்சு ஜெல் ஓட்டுங்க. பட்டை ஒரே உயரத்துல, உடையாம இருக்கிற சாம்பிளோட வளைவை மட்டும் மாடலுக்கு எடுங்க.