புதையல் வேட்டையில் ஈர்ப்பது கையே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூர்க் கோட்டையைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு புதையலைப் பற்றிப் பேச வந்திருக்கும் எங்களுக்குச் செவிகொடுக்கும் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

புதையல் தேடும் சாகச வீடியோ கேம் நம்மை ஈர்ப்பது பார்க்கும் காட்சியாலா, ஆடும் கையாலா என்பது இன்றைய தலைப்பு. அன்சார்ட்டட் என்ற வீடியோ கேம் வரிசையை எடுத்துக்கொண்டு வாதிடுவது என்று இரு அணியும் முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறோம். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், இது ஒரு திரைப்படம், இடையிடையே பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள், அவ்வளவே என்று முடித்தார். காட்சியின் பெருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2007-இல் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கு முதல் பாகத்தைத் தந்த நாட்டி டாக் நிறுவனம், நடிகர்களின் குரலோடு உடலசைவையும் பதிவுசெய்து நேதன் டிரேக் என்ற நாயகனுக்கு உயிர் கொடுத்தது. அந்த நாயகனாக நோலன் நார்த் பேசும்போது ஓடி வந்தவனின் மூச்சிரைப்பு அப்படியே கேட்கிறது. ஆனால் அந்த மூச்சு நமக்கும் ஏன் வாங்குகிறது என்பதே என் கேள்வி.

2009-இல் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தைப் பார்ப்போம். பனிமலை விளிம்பிலிருந்து ஒரு ரயில் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குள் வயிற்றில் குண்டடிபட்ட நாயகன் கண் விழிக்கிறான். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் தம்பி இதை ஆடியபோது, அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். பெட்டி சரிந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்து, "நல்லா எடுத்திருக்கான்பா" என்று மனமாரப் பாராட்டிவிட்டு மறுபடியும் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். தம்பியோ ஒரு கம்பி கழன்று நாயகன் ஒற்றைக் கையில் ஊசலாடியபோது கன்ட்ரோலரை மார்போடு அணைத்துக்கொண்டான். அடுத்த பிடிக்குத் தாவியதும் உள்ளங்கை வியர்வையைப் பனியனில் துடைத்துக்கொண்டான். ஒரே டிவி, ஒரே காட்சி, ஒரே நேரம். காட்சிதான் ஈர்ப்புக்குக் காரணம் என்றால் அப்பாவின் கையும் வியர்த்திருக்க வேண்டாமா?

இதைச் செய்தவர்களும் அறிந்தே செய்தார்கள் என்பதற்கு அதே பாகத்தின் ஓடும் ரயில் சாட்சி. ரயிலை நிறுத்திவைத்து, சன்னலுக்கு வெளியே மரங்களையும் மலைகளையும் பின்னோக்கி ஓடவிட்டால் ரயில் ஓடுவது போலவே தெரியும். திரைப்படக்காரர்களுக்குப் பழகிப்போன உத்தி இது. நாட்டி டாக் அந்த எளிய வழியில் போகாமல், அந்த ரயிலை விளையாட்டின் நிலப்பரப்பில் உண்மையாகவே தண்டவாளத்தில் நகரவைத்து, நகரும் பொருளின்மேல் நாயகன் ஓடவும் தாவவும் தொற்றிக்கொள்ளவும் சுடவும் முடியும்படி தனியாக ஒரு தொழில்நுட்பத்தையே உருவாக்கியது. கண்ணை மட்டும் நிறைப்பது நோக்கமாக இருந்திருந்தால் இத்தனை உழைப்புக்குத் தேவையே இல்லை. நேபாளத்து விடுதிக் கட்டடம் இடிந்து சாயும் கட்டத்தை ஓடும் படமாகக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். அங்கேயும் தரை சரியச் சரிய நாயகனை நம் பொறுப்பிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். எங்கே தாவ வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்பதை விளையாட்டே முடிவுசெய்து வைத்திருக்கிறது, இருப்பது ஒரே வழி, பிறகு கைக்கு என்ன பெருமை என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் நம்மோடு சேர்ந்திருந்த திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பாதை ஒன்றுதான், யாரும் புதிதாக வழி கண்டுபிடிப்பதில்லை. அதற்காக, பௌர்ணமி இரவில் வெறுங்காலோடு அதைச் சுற்றி வந்தவரும், வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவரும் ஒன்றாகிவிடுவார்களா? வழி ஒன்று என்பதால் நடை நம்முடையது இல்லாமல் போவதில்லை.

கை என்றதும் துப்பாக்கியின் விசை மட்டுமே நினைவுக்கு வரவேண்டாம். ரயில் விபத்துக்குப் பிறகு நாயகன் இமயமலைச் சிற்றூர் ஒன்றில் கண் விழிக்கிறான். அவ்வூர் மக்களின் மொழி அவனுக்குத் தெரியாது. அதுவரை எதிரிகளைக் குத்துவதற்குப் பயன்பட்ட சதுரப் பொத்தான், அந்த ஊரில் மட்டும் கைகுலுக்கும் பொத்தானாக மாறிவிடுகிறது. தம்பி தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் எங்கள் அம்மா கன்ட்ரோலரை வாங்கி, ஏதோ ஒன்றை அழுத்த, நாயகன் எதிரே நின்றவரிடம் கையை நீட்டினான். "டேய், இவன் வணக்கம் சொல்றான்டா!" என்று வியந்த அம்மா, அன்று ஊரிலுள்ள ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்து, கட்டியிருந்த யாக் மாட்டையும் தடவிக்கொடுத்து, தம்பி திரும்பக் கேட்டபோது கன்ட்ரோலரைத் தர மறுத்துவிட்டார். அந்தக் கட்டத்தில் வெடிப்பும் இல்லை, துரத்தலும் இல்லை. எதிரணியினர் வியக்கும் பிரம்மாண்டம் ஒன்றுகூட இல்லாத அந்த இடத்தில் அம்மாவை இருத்திவைத்தது எது?

பொன்னாசைதான் காரணம் என்று சொல்வாருக்கும் ஒரு சொல். 2016-இல் வந்த நான்காம் பாகம், 1695-இல் ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைக் கொள்ளையடித்த ஹென்றி எவ்ரியின் செல்வத்தைத் தேடி மடகாஸ்கருக்குப் போகிறது. முழுப் புதையல் எந்தப் பாகத்திலும் நாயகன் வீடு வந்து சேர்வதில்லை. என் நினைவில் தங்கியிருப்பதோ சேற்று மேட்டில் ஏறமாட்டாமல் வழுக்கிய ஜீப்பிலிருந்து கம்பிவடத்தை நானே இழுத்துக்கொண்டு போய், ஒரு மரத்தைச் சுற்றி வந்து கொக்கியை மாட்டிய நிமிடம். 2022-இல் இதே பெயரில் வந்த திரைப்படத்தையும் பார்த்தேன். பறக்கும் கப்பல்கள்கூட இருந்தன, ஆனால் எந்த முடிச்சையும் நான் போடவில்லை.

இதே விளையாட்டு வரிசையில் 2017-இல் வந்த தி லாஸ்ட் லெகசி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே வந்து, போசளர்களின் சிற்பங்களுக்கிடையே பிள்ளையாரின் தந்தத்தைத் தேடுகிறது. அந்தச் சிலைகளை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றால் கதவு திறக்காது. புதிரை நாமே அவிழ்க்க வேண்டும். நடுவர் அவர்களே, நம் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில், காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் ரிஷபகுஞ்சரச் சிற்பம் இருக்கிறது. பள்ளி நாளில் அதன் முன் நின்று குழம்பிய எனக்கு, எங்கள் ஆசிரியை என் கையைப் பிடித்து, சிற்பத்தைத் தொடாமல் ஒரு பக்க உடலை உள்ளங்கையால் மறைத்துக்காட்டினார். யானை மறைந்து காளை மட்டும் நின்றது. கையை மறுபக்கம் நகர்த்தியதும் யானை வந்தது. தீர்ப்பு எழுதுமுன் தாங்கள் ஒரு நடை கோயிலுக்குப் போய், அந்தச் சிற்பத்தின் முன் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பாருங்கள். பிறகு கையை நீட்டிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.